காற்றும் கணப்பும்: குளிர்நாட்டு வீடுகளின் சமையலறை, குளியலறைக் காற்றோட்டம் பற்றிய சில குறிப்புகள்

1. தோற்றுவாய்

தமிழ்ச் சங்க ஆய்விதழொன்றிலே சமையலறையின் ஆவியும் குளியலறையின் ஈரமும் ஆய்வுப்பொருளாவது சிலருக்கு வியப்பளித்தல் கூடும். இலக்கியத்தையும் பண்பாட்டையும் சமூக வாழ்வோடு இணைத்து நோக்கும் நாமும், அவ்வாழ்வு நடைபெறும் வீட்டின் பௌதிக நிலைமைகளைப் பொறியியலாளரிடம் ஒப்படைத்துவிட்டு அமைதி காண்பதே வழக்கமாகியுள்ளது. ஆயின் ஒரு குடும்பம் எத்தகைய காற்றைச் சுவாசிக்கின்றது, அக்காற்றைச் சூடாக்குவதற்கு யார் பணம் கொடுக்கின்றனர் என்பன சமூக வரலாற்றின்பாற்பட்ட வினாக்களே.

எம்மவரைப் பொறுத்தவரையில் இவ்வினா இன்று தொலைவிலுள்ள ஒன்றுமன்று. 1983 ஆம் ஆண்டின் பின்னர் எம்மக்களிற் பெருந்தொகையினர் இலண்டன், தொறன்ரோ, ஒஸ்லோ, சூரிச் முதலாய நகரங்களிற் குடியேறினர். கிணற்றடியிற் குளித்தும், புகைபோக்கி வைத்த அடுக்களையிற் சமைத்தும் பழகியவர்கள், யன்னலற்ற குளியலறையையும் வரவேற்பறையோடு ஒட்டிய சமையலறையையும் எதிர்கொண்டனர். அங்கு யன்னலைத் திறந்தால் பணங்கொடுத்துப் பெற்ற வெப்பம் வெளியேறுகின்றது. மூடினால் சுவரிற் பூஞ்சணம் படர்கின்றது. இவ்விரண்டில் ஒன்றையே தெரிவுசெய்தல் வேண்டுமென்பது நியதியா, அன்றேல் மனிதரால் தீர்க்கப்படத்தக்க முரண்பாடா என்பதை இக்கட்டுரை ஆராய முயல்கின்றது.

இவ்வினாவின் பாரதூரத்தை உணர்த்துவதற்கு ஒரு நிகழ்ச்சி போதுமானது. இங்கிலாந்தின் வடபகுதியில் உள்ள றொச்டேல் நகரிலே, வாடகைக் குடியிருப்பொன்றில் வாழ்ந்த இரண்டு வயதுக் குழந்தை 2020 டிசெம்பரில் இறந்தது. வீட்டிலிருந்த பூஞ்சணத்துக்கு நெடுங்காலம் உட்பட்டிருந்தமையால் ஏற்பட்ட கடும் சுவாச நோயே மரண காரணமென 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்மானித்தார். சூடானிலிருந்து வந்தவரான தந்தை 2017 ஆம் ஆண்டிலேயே பூஞ்சணம் பற்றி முறையிட்டிருந்தார்; அதன்மேல் வர்ணம் பூசும்படி அவருக்குக் கூறப்பட்டது. அன்றாட வாழ்க்கைச் செயல்களைத் தாங்குதற்கு வேண்டிய காற்றோட்டம் அவ்வீட்டில் இருக்கவில்லை என்பது விசாரணையில் வெளிப்பட்டது. வீட்டை வாடகைக்கு விட்ட அமைப்போ, குடும்பத்தின் வாழ்க்கைமுறையையும் குளிக்கும் முறையையும் பற்றித் தான் செய்துகொண்ட ஊகங்கள் தவறானவை எனப் பின்னர் ஒப்புக்கொண்டது. ஈரம் பௌதிகப் பொருள். அதற்குரிய பழி யார்மேற் சுமத்தப்படுகின்றது என்பது சமூக விடயம். இவ்விரண்டையும் ஒருசேர நோக்குதல் வேண்டும்.

2. ஈரத்தின் இயல்பு

முதலிற் பௌதிக அடிப்படையைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். காற்று ஏற்றுக்கொள்ளத்தக்க நீராவியின் அளவு அதன் வெப்பநிலையிலே தங்கியுள்ளது. 20 பாகை சதம வெப்பநிலையில் ஒரு கன மீற்றர் காற்று ஏறத்தாழ 17 கிராம் நீராவியைத் தாங்கும். 5 பாகையில் ஏறத்தாழ 7 கிராமை மாத்திரமே தாங்கும். 20 பாகையில் 60 வீதச் சாரீரப்பதன் உள்ள அறைக் காற்றில், கன மீற்றருக்கு 10 கிராமுக்குச் சற்று மேற்பட்ட நீராவி உண்டு. இக்காற்று ஏறத்தாழ 12 பாகைக்குக் குளிர்ந்ததும் பனிபடுநிலையை அடைந்துவிடும். எனவே அவ்வெப்பநிலைக்குக் கீழ்ப்பட்ட யன்னற் கண்ணாடியிலும் சுவர் மூலையிலும் நீர் படிகின்றது. பூஞ்சணம் தோன்றுதற்கு நீர்த்துளி படிதல்தானும் அவசியமன்று. சுவர்மேற்பரப்பை ஒட்டிய காற்றின் சாரீரப்பதன் நீண்டநேரம் 80 வீதத்துக்கு மேல் நிலைத்திருப்பினும் அது வளரத் தொடங்கிவிடும்.

இந்த நீர் எங்கிருந்து வருகின்றது? நால்வர் வாழும் வீடொன்றிலே சமைத்தல், குளித்தல், துவைத்த ஆடைகளை உலர்த்தல், மூச்சுவிடுதல் ஆகியவற்றால் நாளொன்றுக்கு அண்ணளவாகப் பத்து லீற்றர் நீர் ஆவியாகிக் காற்றிற் கலக்கின்றதெனக் கணிப்பர். எரிவாயு அடுப்பும் நீரை உண்டாக்கும். மெதேன் எரியும்போது அதன் ஐதரசன் ஒட்சிசனுடன் சேர்ந்து நீராகின்றது. ஒரு கன மீற்றர் மெதேன் எரிந்தால் ஏறத்தாழ ஒன்றரை லீற்றர் நீர் தோன்றும். அச்சுவாலையே நைதரசனீரொட்சைட்டையும் தருகின்றது. தாளிக்கும்போதும் பொரிக்கும்போதும் எழும் நுண்துகள்கள் சுவாசப்பைக்கு ஊறு விளைவிப்பன. ஆகவே சமையலறைக் காற்றோட்டம் ஈரத்தோடு மட்டும் தொடர்புடைய விடயமன்று.

இங்குப் பொதுவாகக் காணப்படும் ஒரு மயக்கத்தைக் களைதல் வேண்டும். மழை பெய்யும் குளிர்நாளில் வெளிக்காற்றை உள்ளே விட்டால் வீட்டின் ஈரம் அதிகரிக்குமென்று பலரும் எண்ணுகின்றனர். 5 பாகையில் உள்ள ஈரமான வெளிக்காற்றின் கன மீற்றர் ஒன்றில் ஏறத்தாழ 6 கிராம் நீராவியே உண்டு. அதே காற்று வீட்டினுள் 20 பாகைக்குச் சூடாகும்போது அதன் சாரீரப்பதன் 35 வீதமளவுக்கு இறங்கிவிடும். ஆகவே குளிர்காலத்து வெளிக்காற்று, அது மழைக்காற்றாயினும், வீட்டை உலர்த்தும் தன்மையதே. சிக்கல் அதனைச் சூடாக்குவதற்கான செலவிலேதான் உள்ளது.

3. முரண்பாடு தோன்றிய வரலாறு

காற்றுக்கும் கணப்புக்கும் இடையிலான முரண்பாட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. இங்கிலாந்திலே 1696 முதல் 1851 வரை யன்னல்களுக்கு வரி விதிக்கப்பட்டது. வரிக்கு அஞ்சி யன்னல்கள் செங்கல் வைத்து அடைக்கப்பட்டன. கைத்தொழிற் புரட்சியின் நகரங்களிலே முதுகோடு முதுகு ஒட்டிய வீடுகளும் நிலவறைக் குடியிருப்புகளும் பெருகின. 1845 இல் வெளியான இங்கிலாந்துத் தொழிலாளி வர்க்கத்தின் நிலைமை பற்றிய நூலிலே ஏங்கெல்ஸ், மான்செஸ்ரர் நகரத்து இத்தகைய வீடுகளில் எதிரெதிராகக் காற்று ஓட வழியில்லாமையை விரிவாகப் பதிவுசெய்தார். 1858 இல் மியூனிக் நகரத்து மக்ஸ் ஃபொன் பெற்றன்கோஃபர், காபனீரொட்சைட்டின் அளவைக் கொண்டு அறைக்காற்றின் தூய்மையை மதிப்பிடும் முறையை வகுத்தார். ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற அவரது எல்லையளவு இன்றுவரை எடுத்தாளப்படுகின்றது.

எனினும், அக்காலத்துப் பிரித்தானிய வீட்டில் நிலக்கரிக் கணப்பின் புகைக்கூடு இடையறாது காற்றை மேலே இழுத்துக்கொண்டிருந்தது. கணப்பின் வெப்பத்திற் பெரும்பகுதி அவ்வழியே வீணானது. ஈரமும் அவ்வழியே வெளியேறியது. 1956 இன் தூய காற்றுச் சட்டமும், அதனைத் தொடர்ந்து பரவிய மைய வெப்பமூட்டலும் அக்கணப்புகளை ஒழித்தன, புகைக்கூடுகள் அடைக்கப்பட்டன. 1973 இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின்னர் வெப்பத்தைச் சேமிக்கும் நோக்குடன் யன்னல்கள் இரட்டைக் கண்ணாடி பெற்றன, கதவிடுக்குகள் அடைக்கப்பட்டன. இவை அவசியமான நடவடிக்கைகளே. ஆனால் திட்டமிடாது கிடைத்துவந்த காற்றோட்டம் அகற்றப்பட்ட வீடுகள் பலவற்றில், அதனிடத்திலே திட்டமிட்ட காற்றோட்டம் எதுவும் வைக்கப்படவில்லை.

சோவியத் நாட்டின் அனுபவமும் இவ்விடத்து ஒப்புநோக்கத்தக்கது. குருசேவ் காலத்து ஐந்துமாடிக் குடியிருப்புகளிலே சமையலறையிலிருந்தும் குளியலறையிலிருந்தும் காற்று மேலெழுந்து செல்லும் குழல்கள் சுவரினுள் அமைக்கப்பட்டன. யன்னலிற் பொருத்திய சிறு திறப்பினூடாகவும் மரச்சட்டங்களின் இடுக்குகளினூடாகவும் புதுக்காற்று வந்தது. விசிறியின்றியே, சூடான காற்று இலேசானது என்னும் நியதியைக்கொண்டு இயங்கிய எளிய ஏற்பாடு அது. பிற்காலத்தில், குறிப்பாக 1990களின் பின்னர், குடும்பங்கள் தனித்தனியே காற்றுப்புகாப் பிளாஸ்திக்கு யன்னல்களைப் பொருத்தியபோது, குழல்கள் இருந்தும் இழுப்பதற்குக் காற்றில்லாது போயிற்று. வெளியேறும் வழியும் உட்புகும் வழியும் ஒரே தொகுதியின் இரு பாகங்களாம். ஒன்றை மாற்றும்போது மற்றையதை மறந்தால் தொகுதி முழுவதும் பயனற்றுப்போகும்.

4. தோன்றுமிடத்திலேயே பிடித்தல்

வெப்பத்தை வீணாக்காத காற்றோட்டத்தின் முதல் விதி, ஈரம் வீடு முழுவதும் பரவுமுன்னர் அது தோன்றும் இடத்திலேயே பிடித்து வெளியேற்றுவதாகும். இதன் பயனைக் கணக்கிட்டுக் காட்டலாம். ஒரு கன மீற்றர் காற்றை ஒரு பாகை சூடாக்குவதற்கு ஏறத்தாழ மூன்றிலொரு வாற்றுமணிச் சக்தி வேண்டும். ஒரு லீற்றர் நீர் வீடெங்கும் பரவிவிட்டதெனக் கொள்வோம். உட்காற்றில் கன மீற்றருக்கு 10.4 கிராமும் வெளிக்காற்றில் 6 கிராமும் நீராவி இருக்கும்போது, மாற்றப்படும் ஒவ்வொரு கன மீற்றரும் 4.4 கிராமையே அகற்றுகின்றது. ஒரு லீற்றரை அகற்ற ஏறத்தாழ 230 கன மீற்றர் காற்றை மாற்றி, அதனை 5 பாகையிலிருந்து 20 பாகைக்குச் சூடாக்குதல் வேண்டும். செலவு ஏறத்தாழ 1.1 கிலோவாற்றுமணி. அதே லீற்றரை, 24 பாகையில் ஆவி நிறைந்து நிற்கும் குளியலறையிலிருந்து நேரே வெளியேற்றினால் ஒவ்வொரு கன மீற்றரும் ஏறத்தாழ 16 கிராமைக் கொண்டுசெல்லும், 63 கன மீற்றர் போதும், செலவு 0.4 கிலோவாற்றுமணி. ஈரம் ஒன்றுதான், பிடிக்கும் இடமும் நேரமும் மாறியதனால் வெப்ப இழப்பு ஏறத்தாழ மூன்றிலொன்றாகக் குறைந்தது.

இவ்விதியைச் சமையலறைக்குப் பொருத்திப் பார்ப்போம். இங்கிலாந்தின் கட்டட ஒழுங்குவிதிகளுக்கான வழிகாட்டியின்படி, இடையிடையே இயக்கப்படும் வெளியேற்றும் விசிறி அடுப்புக்கு மேலே கவிகையுடன் அமைந்து காற்றை வெளியே விடுமாயின் செக்கனுக்கு 30 லீற்றர் போதுமானது. சுவரின் வேறிடத்திலே அமைந்தால் 60 லீற்றர் வேண்டும். கவிகை ஆவியையும் புகையையும் எழும்போதே பிடித்துக்கொள்வதால் அரைப்பங்கு காற்றே போதுமாகின்றது. வெப்ப இழப்பும் அரைப்பங்காகின்றது. ஆயின், காற்றை வெளியேற்றாது கரி வடிகட்டியினூடு இழுத்து மீண்டும் அறைக்குள்ளேயே விடும் கவிகைகளும் விற்பனையாகின்றன. அவை மணத்தையும் எண்ணெய்ப் பிசுக்கையும் ஓரளவு குறைக்குமேயன்றி நீராவியில் ஒரு துளியையும் அகற்றா. வாடகை வீடுகளிற் குடியேறுவோர் தம் கவிகை எவ்வகையினது என்பதை முதலிற் பார்த்தல் நன்று.

சோறு, பருப்பு, கறியென நீண்டநேரம் கொதிக்கும் எமது சமையலிலே பானையை மூடிவைத்தல் எளிய காற்றோட்டச் சீர்திருத்தமாகும். எழாத ஆவியை வெளியேற்ற வேண்டியதில்லை. அடுப்பின் பின்வரிசைச் சுவாலைகளைப் பயன்படுத்தினால் கவிகை புகையை நன்கு பிடிக்கும். தாளிக்கத் தொடங்குமுன் விசிறியை இயக்கி, சமையல் முடிந்து சிலநேரம் ஓடவிட்டு, அதுவரை வரவேற்பறைக் கதவை மூடிவைத்தல் வேண்டும். இருபது வாற்று விசிறியொன்று ஒரு மணிநேரம் ஓடினாலும் 0.02 கிலோவாற்றுமணியையே செலவிடும். மின்கட்டணத்துக்கு அஞ்சி அதனை நிறுத்திவைத்தல் சிக்கனமாகாது.

குளியலறைக்கு மேற்படி வழிகாட்டி செக்கனுக்கு 15 லீற்றரை விதிக்கின்றது. குளித்தபின் இருபது நிமிடம் இவ்விசிறி ஓடினால் 18 கன மீற்றர் காற்று வெளியேறும். அதனோடு செல்லும் வெப்பம் ஏறத்தாழ 0.1 கிலோவாற்றுமணி. குளிப்பதற்கு எடுக்கும் 70 லீற்றர் நீரை 10 பாகையிலிருந்து 38 பாகைக்குச் சூடாக்க 2.3 கிலோவாற்றுமணி செலவாகின்றதென்பதை இதனோடு ஒப்பிட்டால், காற்றோட்டத்தின் பங்கு இருபதிலொன்றளவே என்பது புலனாகும். வெப்பத்தை வீணாக்குவது இருபது நிமிட விசிறியன்று. மறந்து நாள் முழுவதும் சற்றே திறந்துவிடப்பட்ட யன்னலே. அது யன்னலைச் சூழ்ந்த சுவரையும் குளிர்வித்து, பூஞ்சணத்துக்குப் புதிய இடமளிக்கின்றது. விசிறியற்ற வீட்டில், உட்கதவை மூடிவிட்டு யன்னலை ஐந்து முதல் பத்து நிமிடம் அகலத் திறந்து பின்னர் முற்றாக மூடுதலே சிறந்தது. காற்று விரைவில் மாறும். வெப்பத்திற் பெரும்பகுதியைத் தாங்கி நிற்கும் சுவர்களோ அதற்குள் குளிர்ந்துவிடா. ஜெர்மனியரிடையே இது வீட்டுப் பழக்கமாகவே நிலைபெற்றுள்ளது.

குளித்தபின் சுவரோடுகளிலும் தரையிலும் நிற்கும் நீரை வழித்து வடிகாலுக்குள் தள்ளுவதும் கவனிக்கத்தக்கது. ஒரு லீற்றர் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 0.7 கிலோவாற்றுமணி வெப்பத்தை வீட்டிலிருந்தே எடுத்துக்கொள்கின்றது. வடிகாலுக்குட் சென்ற நீர் அவ்வெப்பத்தையும் எடுப்பதில்லை. பின்னர் அதனை வெளியேற்றக் காற்றும் வேண்டுவதில்லை.

வெளியேற்றும் காற்றுக்கு ஈடாக உட்புகும் வழி இருத்தல் வேண்டுமென முன்னர் கண்டோம். பிரான்சின் 1982 ஆம் ஆண்டுக் கட்டளை இதனை ஒழுங்குபடுத்தியது: புதுக்காற்று வசிப்பறைகளிலும் படுக்கையறைகளிலும் புகுந்து, வீட்டினூடு சென்று, சமையலறை குளியலறைகளின் வழியே வெளியேறுதல் வேண்டும். ஒரே காற்று முதலில் மனிதருக்கும் பின்னர் ஈரத்துக்கும் பயன்படுவதால் இருமுறை சூடாக்க வேண்டியதில்லை. இதற்காக யன்னற் சட்டத்தின் மேற்பகுதியில் சிறு காற்றுவாய்களும், குளியலறைக் கதவின் அடியிலே ஏறத்தாழ 10 மில்லிமீற்றர் இடைவெளியும் விடப்படுகின்றன. குளிர் வருகின்றதென இவற்றை ஒட்டுத்தாளால் அடைப்போர் பலர். அவ்வாறு அடைத்த வீட்டில் விசிறி சத்தமிடுமேயன்றிக் காற்றை அசைக்காது. இன்னோர் எச்சரிக்கையும் அவசியம். புகைக்கூட்டுடன் இணைந்த திறந்த கணப்போ கொதிகலனோ உள்ள வீட்டில், வலிய விசிறி புகைக்கூட்டுக் காற்றையே திருப்பி உள்ளிழுக்கக்கூடும். அதனோடு வரும் காபனோரொட்சைட்டு உயிர்கொல்லி. தகுதிவாய்ந்தவரைக் கொண்டு சோதித்த பின்னரே அங்கு விசிறி பொருத்துதல் வேண்டும்.

5. வெப்பத்தை மீட்டல்

இதுவரை கூறியவை இழப்பைக் குறைக்கும் வழிகள். வெளியேறும் காற்றின் வெப்பத்தை உட்புகும் காற்றுக்கே கொடுத்துவிடும் வழியும் உண்டு. மெல்லிய தகடுகளாற் பிரிக்கப்பட்ட ஒடுங்கிய பாதைகளினூடே, ஈரமான பழைய காற்று ஒரு திசையிலும் குளிர்ந்த புதுக்காற்று எதிர்த்திசையிலும் செல்கின்றன. இரண்டும் கலப்பதில்லை, வெப்பம் மட்டும் தகட்டைக் கடக்கின்றது. எண்பது வீத வெப்பத்தை மீட்கும் பரிமாற்றி, 5 பாகையில் வரும் காற்றை 17 பாகையில் அறைக்குள் விடும். வெளியேறும் காற்றின் நீராவி உள்ளே ஒடுங்குவதால் அந்நீரை வடிக்கக் குழாயொன்றும் வேண்டும்.

1977 இல் கனடாவின் றெஜைனா நகரில் அமைக்கப்பட்ட சஸ்கச்சுவான் சேமிப்பு வீட்டில் இத்தகைய பரிமாற்றி பயன்பட்டது. அதன் அனுபவத்தையும் கற்றுக்கொண்டு, 1991 இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்ராட் நகரத்துக் கிரானிக்ஸ்ரைன் பகுதியில் வொல்ஃப்காங் ஃபைஸ்ற் முதலியோர் உருவாக்கிய வரிசை வீடுகள் பாசிவ்ஹவுஸ் என வழங்கும் நியமத்துக்கு வழிகோலின. சதுர மீற்றருக்கு ஆண்டொன்றுக்கு 15 கிலோவாற்றுமணிக்கு மேற்படாத வெப்பத் தேவையும், குறைந்தது 75 வீத வெப்ப மீட்பும் அதன் அளவுகோல்களுட் சில.

இதன் பயனையும் கணக்கிடலாம். இரு படுக்கையறை கொண்ட வீட்டுக்கு ஆங்கில வழிகாட்டி வேண்டும் இடையறாக் காற்றோட்டம் குறைந்தது செக்கனுக்கு 25 லீற்றர். நாளொன்றுக்கு 2,160 கன மீற்றர். 15 பாகை வேறுபாட்டில் இதனைச் சூடாக்க ஏறத்தாழ 10.8 கிலோவாற்றுமணி வேண்டும். எண்பது வீதம் மீட்கப்பட்டால் இழப்பு 2.2 ஆகக் குறையும். விசிறிகளின் மின்செலவாக ஏறத்தாழ ஒரு கிலோவாற்றுமணியைக் கூட்டிக்கொள்ளலாம். மூச்சுக்காகக் கொடுக்கும் விலை மூன்றிலொன்றுக்கும் கீழே வந்துவிட்டது.

ஆனால் இதனைச் சகல நோய்க்குமான மருந்தெனக் கொள்ளுதல் தவறாகும். இடுக்குகள் நிறைந்த பழைய வீட்டில் பெரும்பகுதிக் காற்று பரிமாற்றியினூடு செல்லாது இடுக்குகளினூடே சென்றுவிடும். முதலில் வீடு காற்றிறுக்கம் பெறுதல் வேண்டும். குளிர்ந்த கூரைக்கடியிற் செல்லும் குழல்களுக்கு வெப்பக்காவல் இன்றேல் அவற்றினுள்ளேயே நீர் ஒடுங்கி வழியும். வடிகட்டிகளைக் காலந்தோறும் துப்புரவாக்காவிடின், குறிப்பாகச் சமையலறைப் பக்கத்திலே, காற்று குறைந்து சத்தம் கூடும். வீடு முழுவதும் குழல் அமைக்க இயலாதவிடத்து ஓர் அறைக்கேற்ற சிறு கருவிகள் உள. அவற்றுட் சில, ஏறத்தாழ ஒரு நிமிடம் காற்றை வெளியே தள்ளி அதன் வெப்பத்தைச் செராமிக் கட்டியொன்றிற் சேமித்து, அடுத்த நிமிடம் அதனூடாகவே புதுக்காற்றை உள்ளிழுக்கின்றன. ஈரமகற்றும் கருவி நீரைப் பிரித்து அதன் மறைவெப்பத்தை அறைக்கே தருமாயினும் புதுக்காற்றைத் தருவதில்லை. ஆடை உலர்த்தும் அறைக்கு அது துணையாகலாம், காற்றோட்டத்துக்குப் பதிலாகாது.

6. யாருடைய கடமை?

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், காற்றுக்கும் கணப்புக்கும் இடையிலான முரண்பாடு தொழினுட்ப மட்டத்திலே பெருமளவுக்குத் தீர்க்கப்பட்டுவிட்டது என்பது தெளிவு. ஆயினும் பூஞ்சணம் படர்ந்த வீடுகள் இன்னும் உள. கருவியைப் பொருத்தும் செலவு வீட்டுடைமையாளருடையது. அது இல்லாமையால் வீணாகும் வெப்பத்தின் செலவும் நோயின் துன்பமும் குடியிருப்பவருடையவை. செலவு ஒருவரிடமும் பயன் மற்றொருவரிடமும் இருக்கும்வரை, இலாப நோக்குடைய உடைமையாளர் கருவியைத் தாமாகப் பொருத்துவாரென எதிர்பார்ப்பதற்கு நியாயமில்லை. இந்நிலையில் யன்னலைத் திற, விசிறியை இயக்கு, ஆடையை வீட்டுக்குள் உலர்த்தாதே என்ற அறிவுரைகள் மட்டும் தாராளமாக வழங்கப்படுகின்றன. அறிவுரை தவறானதன்று, நாமும் மேலே அவற்றையே கூறியுள்ளோம். எரிபொருள் விலை உயர்ந்த 2022 போன்றதோர் ஆண்டிலே, அறையை 20 பாகைக்குச் சூடாக்கவே இயலாத குடும்பத்தை நோக்கி அவ்வறிவுரை கூறப்படும்போது அது குற்றச்சாட்டாக மாறிவிடுகின்றது. குளிர்ந்த சுவரில் ஈரம் படியும் என்ற பௌதிக நியதி, சுவரைச் சூடாக்கப் பணமில்லாதோரையே முதலிற் தாக்குகின்றது.

சமையலறையின் புகையைப் பெரும்பாலும் சுவாசிப்பவர் பெண்களும் அவர்தம் அருகிலிருக்கும் சிறுவருமே என்பதையும் இவ்விடத்து மனங்கொள்ளல் தகும். 1926 இல் பிராங்ஃபேட் நகர வீடமைப்புக்காகச் சமையலறையை வரைந்த மார்கரேட்டே ஷூட்டெ-லிஹொட்ஸ்கி, வீட்டுவேலையையும் ஓர் உழைப்பாகக் கொண்டு அதன் அசைவுகளை அளந்தே திட்டமிட்டார். 1.9 மீற்றர் அகலமும் 3.4 மீற்றர் நீளமும் கொண்ட அச்சிறு அறையின் கோடியில் யன்னல் வைக்கப்பட்டிருந்தது. உழைக்கும் இடத்துக்கு வெளிச்சமும் காற்றும் வேண்டுமென்ற கோரிக்கையை ஆலைக்கு ஏற்றுக்கொண்ட சமூகம், அடுக்களைக்கு ஏற்கத் தயங்குவது ஏன் என்பது இன்றும் கேட்கத்தக்க வினாவே.

றொச்டேல் குழந்தையின் பெயரால் அவாப் சட்டம் என வழங்கும் ஏற்பாடு 2023 இன் சமூக வீடமைப்புச் சட்டத்தின் வழியே வந்து, 2025 ஒக்டோபர் 27 முதல் இங்கிலாந்தின் சமூக வீடமைப்பில் நடைமுறைக்கு வந்தது. அவசர ஆபத்துகளை 24 மணிநேரத்துள் நீக்குதல் வேண்டும். ஏனைய பாரதூரமான ஈர, பூஞ்சண ஆபத்துகளைப் பத்து வேலைநாளுக்குள் விசாரித்து, விசாரணை முடிந்து ஐந்து வேலைநாளுக்குள் பாதுகாப்பாக்குதல் வேண்டும். பொறுப்பு குடியிருப்பவரின் பழக்கத்திலிருந்து வீட்டை வழங்குபவரின் கடமைக்கு நகர்ந்தமையே இதன் முக்கியத்துவம். ஒரு குழந்தையின் உயிரும் ஒரு குடும்பத்தின் விடாப்பிடியான போராட்டமும் அந்நகர்வுக்கு விலையாயின. அங்கு வாழும் எம்மவர், முறையிடுவது நன்றிகெட்ட செயலென எண்ணும் புதுக்குடியேறிகளின் தயக்கத்தை விட்டு, முறைப்பாட்டை எழுத்தில், நாளிட்டு, ஒளிப்படத்துடன் கொடுக்கப் பழகுதல் வேண்டும்.

முடிவாக, எமது மண்ணிலும் இவ்வினா இல்லாமலில்லை. கடல்மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேல் அமைந்த நுவரெலியாவின் குளிரிலே, தோட்டத் தொழிலாளருக்கெனக் குடியேற்ற ஆட்சிக்காலத்துத் துரைமார் கட்டிய லயன்கள் பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைகளாய், முறையான யன்னலின்றி, விறகடுப்புப் புகையோடு அமைந்தன. புகையை வெளியேற்றினால் குளிர். குளிரைத் தடுத்தால் புகை. மான்செஸ்ரர் நிலவறையைக் கட்டிய அதே தருக்கமே தேயிலைமலையில் லயனையும் கட்டியது. ஆங்குக் காற்றின் அளவைத் தீர்மானித்தவர் அதைச் சுவாசித்தவர் அல்லர். 1872 இல் வீட்டுப் பிரச்சினை பற்றி எழுதிய ஏங்கெல்ஸ், முதலாளித்துவம் அப்பிரச்சினையைத் தீர்ப்பதில்லை, இடம் மாற்றி வைக்கின்றது என வாதிட்டார். பூஞ்சணத்தின்மேல் வர்ணம் பூசுவதும் அவ்வகைத் தீர்வே. கவிகையும் காற்றுவாயும் வெப்பப் பரிமாற்றியும் வீடு கட்டும்போதே உரிமையாக இடம்பெறுதல் வேண்டும். அதுவரை, பானையை மூடுவதும் விசிறியை இருபது நிமிடம் ஓடவிடுவதும் எம் கையிலுள்ளவை. அவற்றைச் செய்துகொண்டே மற்றதைக் கேட்போமாக.